கடுகு டப்பாவில் கொஞ்சம் சில்லறை



போன மாதம் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டில் கீரை இல்லை. அம்மாவுக்கு ஒரு நாள் கூடக் கீரை இல்லாமல் சோறு இறங்காது. "ஏம்மா, கீரைக்காரங்க வரலையா?" என்று கேட்டேன்.

வந்திருக்கிறார். அம்மாவும் இரண்டு கட்டு அரைக்கீரையைக் கையில் எடுத்திருக்கிறார். முப்பது ரூபாய். உள்ளே வந்து பீரோவைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. கீரை விற்பவரிடம் ஐந்நூறுக்குச் சில்லறை கிடையாது. "போன்ல போட்டுவிடுங்க ஆச்சி" என்று கூடையில் கட்டியிருந்த க்யூஆர் அட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போய்விட்டார்கள். எடுத்த கீரையை அம்மா கூடையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

"நாளைக்குத் தாரேன்னு சொல்லி வாங்கியிருக்கலாமே?"

"கையில ரூபாய வச்சுக்கிட்டு எதுக்குக் கடன் சொல்லணும்? அவன் இருக்கும்போது வாங்கிக்கிடலாம்னு விட்டுட்டேன்."

அம்மா இதை வருத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த 'அவன் இருக்கும்போது' என்ற சொல் தொண்டையில் நின்றது. நாற்பது வருடம் ஒரு குடும்பத்தின் வரவு செலவைக் கையில் வைத்திருந்தவர். இன்று பீரோ நிறையப் பணம் இருக்கும்போதே, முப்பது ரூபாய் கீரைக்கு மகன் வரும்வரை காத்திருக்கிறார். இந்த மாதம் உங்களோடு இதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போனில் பணம் செலுத்துவதற்கு நான் எதிரி இல்லை. காலையில் பால் பாக்கெட்டில் தொடங்கி இரவு ஆட்டோ வரைக்கும் நானும் ஸ்கேன் செய்கிறவள்தான். பழைய நாள்களை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார். இறங்கும் இடம் வரும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். பாதி நாள் கேட்க மறந்து இறங்கிவிடுவோம். கடையில் இரண்டு ரூபாய் பாக்கிக்குப் பதிலாக மிட்டாயைக் கையில் வைத்துவிடுவார்கள். ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளைக்கு அவசரமாக ஆயிரம் ரூபாய் அனுப்ப வேண்டுமென்றால் ஒரு நாள் வேலை கெடும். இன்று அது பத்து நொடி வேலை. வயிற்று வலியில் துடிக்கும் மகளுக்கு வேறு ஊரில் இருக்கும் அப்பா டாக்டர் ஃபீஸை அந்த நிமிடமே அனுப்பிவிட முடிகிறதே, இதைவிட வேறென்ன வேண்டும்?

2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானபோது நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? அதே வருடம் நவம்பரில் நோட்டு செல்லாமல் போனது. அந்த வருடக் கடைசியில் பீம் ஆப் வந்தது. அப்புறம் தனியார் ஆப்கள் வந்தன. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-யில் பணம் வாங்கும் கடைக்காரருக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2000 கோடி முறைக்கு மேல் நாம் யுபிஐ-யில் பணம் அனுப்பியிருக்கிறோம். இளநீர் வண்டி, செருப்புத் தைக்கும் இடம், கோயில் வாசல் பூக்கடை என எங்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கிறது. இவ்வளவு எளிய மனிதர்கள் இவ்வளவு வேகமாக ஒரு புது விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் ரொக்கம் குறைந்துவிட்டதா? இங்கேதான் ஒரு வேடிக்கையான கணக்கு வருகிறது. நோட்டு செல்லாமல் போவதற்கு முன் நாட்டில் புழங்கிய பணம் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச்சில் அது 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. இரண்டு மடங்கு! நம் கையில் நோட்டையே காணோமே, அதெல்லாம் எங்கே இருக்கிறது? புழக்கத்தில் உள்ள நோட்டுகளின் மொத்த மதிப்பில் ஏறக்குறைய 86 சதவிகிதம் ஐந்நூறு ரூபாய் நோட்டுகள்தான். அம்மாவின் பீரோவில் இருந்தது போல, 'எதற்கும் இருக்கட்டும்' என்று மடித்து வைத்த பணம் அதில் எவ்வளவோ இருக்கும். மறைந்து போனது பத்தும் இருபதும் ஐம்பதும்தான். ரொக்கம் ஒழியவில்லை, சில்லறைதான் ஒழிந்துகொண்டிருக்கிறது.

ரிசர்வ் வங்கிக்கும் இது தெரியும். ஏடிஎம்களில் நூறு அல்லது இருநூறு ரூபாய் நோட்டு கட்டாயம் வர வேண்டும், 2025 செப்டம்பருக்குள் 75 சதவிகித ஏடிஎம்களிலும் 2026 மார்ச்சுக்குள் 90 சதவிகித ஏடிஎம்களிலும் அப்படிச் செய்யுங்கள் என்று வங்கிகளுக்குச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் கீரைக்கட்டு விலைக்கு நூறு ரூபாய் நோட்டே பெரிய நோட்டுதானே?

நம் வீட்டுக்குள் வருகிறேன். முன்பு வீட்டில் பணம் ஓர் இடத்தில் இருக்கும். அலமாரி மூலையில், சாமி படத்துக்குப் பின்னால், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில். வீட்டில் இருக்கும் யாரும் எடுக்கலாம், எடுத்ததைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் பாட்டி எடுத்துக் கொடுப்பார். நோட்டுப் புத்தகம் வேண்டுமென்றால் பிள்ளை எடுத்துக்கொண்டு ஓடும். இப்போது பணம் ஒரு போனுக்குள் இருக்கிறது. அந்தப் போன் ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் காலை எட்டரைக்கு வெளியே கிளம்பினால், வீட்டின் பணம் மொத்தமும் அவரோடு பஸ் ஏறிவிடுகிறது.

இதில் அதிகம் மாறிப்போனது பெண்களின் நிலைமை என்று நினைக்கிறேன்.

சிறுவாடு என்று சொல்வோமே, அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று? பால் விற்றதில், முட்டை விற்றதில், காய்கறி வாங்கப் போன காசில் மிச்சம் பிடித்து, யாருக்கும் தெரியாமல் கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் சேர்த்து வைத்த பணம். அதில் எத்தனை பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டப்பட்டது, எத்தனை நகை மீட்கப்பட்டது! 2016 நவம்பர் 8 இரவு அந்தப் பணமெல்லாம் வெளியே வந்தது. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றதும், கணவனுக்குத் தெரியாமல் சேர்த்ததைக் கணவனிடமே கொடுத்து மாற்றித் தரச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. சில வீடுகளில் 'அட, இவ்வளவு சேர்த்து வச்சியா' என்று பாராட்டினார்கள். சில வீடுகளில் அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை.

இன்று சிறுவாடு சேர்க்க வழியே குறைந்துவிட்டது. காய்கறிக் கடையில் எண்பத்தேழு ரூபாய் என்றால் எண்பத்தேழுதான் போகிறது. மீதம் என்று ஒன்று கைக்கு வருவதில்லை. போனது எவ்வளவு, எந்தக் கடைக்கு, எத்தனை மணிக்கு என்று கணவரின் போனில் பதிவும் விழுந்துவிடுகிறது. "அறுபது ரூபாய்க்குப் பூவா?" என்ற கேள்வி சாயங்காலம் வருகிறது. கணக்கு வெளிப்படையாக இருப்பது நல்லதுதானே என்பீர்கள். இரண்டு பேர் கணக்கும் வெளிப்படையாக இருந்தால் நல்லதுதான்.

மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். 2023 செப்டம்பர் 15-லிருந்து தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகத் தொடங்கியது. நூறு நாள் வேலைச் சம்பளமும் கணக்குக்குத்தான் வந்தது. நடுவில் யாரும் கை வைக்க முடியாது. டிஜிட்டல் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. தன் பெயரில் முதன்முதலாகப் பாஸ்புக் வைத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர்.

ஆனால் வாசகிகளே, உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? உங்கள் கணக்குக்குப் பணம் வந்தால் மெசேஜ் யார் போனுக்குப் போகிறது? ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? பின் நம்பர் உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தாலும் நீங்களே போட்டிருக்கிறீர்களா?

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாவிடம் மூன்று வருடமாக வாங்குகிறேன். ஒருநாள் ஸ்கேன் செய்தபோது திரையில் ஓர் ஆண் பெயர் வந்தது. "யாரும்மா இது?" என்றேன். மகன். "எனக்கு எங்கம்மா தெரியும் அதெல்லாம்? அவன்தான் ஒட்டிக் குடுத்தான்" என்றார். வசூல் எல்லாம் அவன் கணக்குக்குப் போகும். விடிகாலை கோயம்பேட்டில் பூ எடுக்க மகனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். நல்ல பையன்தான், தந்துவிடுவான். ஆனாலும் அந்த மாதம் அவன் பைக் லோன் தவணைக்கு வங்கி தானாகவே பணத்தை எடுத்துக்கொண்டதில், இரண்டு நாள் பூ எடுக்கக் காசு இல்லாமல் தண்டல்காரரிடம் போயிருக்கிறார். அவர் உழைத்த பணம், அவர் கண் முன்னாலேயே வேறெங்கோ போய் விழுந்துவிட்டது. நான் ஸ்கேன் செய்த ஒவ்வொரு முறையும் அது நடந்திருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து அவருக்குக் கையில்தான் கொடுக்கிறேன். அவர் பெயரிலேயே கணக்கும் அட்டையும் எடுத்துக் கொடு என்று மகனிடமும் பேசியிருக்கிறேன். செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது ரூபாயைக் கொடுத்து, "கால் கிலோ தக்காளி, ஒரு கட்டு கொத்தமல்லி, மீதியை எண்ணி வாங்கிட்டு வா" என்று கடைக்கு அனுப்புவோமே, அது கணக்கு வகுப்புதானே? கூட்டல் கழித்தல் மட்டுமா? காசு தீர்ந்துவிடும் என்பதையும் அங்கேதான் பிள்ளைகள் கற்றார்கள். கையில் இருந்த பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கினால் பம்பரம் வாங்க முடியாது. இப்போது பார்க்கும் பிள்ளைக்கு, போனைக் காட்டினால் கடைக்காரர் எதையும் கொடுத்துவிடுகிறார். சவுண்ட் பாக்ஸ் ஒரு தொகையைச் சொல்கிறது, வேலை முடிந்தது. எங்கிருந்து வந்தது, எவ்வளவு மிச்சம் என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை.

பெரியவர்களுக்கு மட்டும் தெரிகிறதா? போன மாதம் என் வங்கி ஸ்டேட்மென்ட்டை முதல் வரியிலிருந்து படித்தேன். பத்து பக்கத்துக்கு மேல். டீ, வடை, பார்க்கிங், ஒரு ஆப்புக்கான மாதச் சந்தா, நான் கேட்டதாக நினைவே இல்லாத இன்னொரு சந்தா. இருபதும் நாற்பதுமாகப் போனதைக் கூட்டினால் எங்கள் வீட்டு மளிகைச் செலவில் பாதி வருகிறது. பர்ஸில் நோட்டு குறையும்போது கை தானாகத் தயங்கும். போனில் எதுவும் குறைவதாகத் தெரிவதில்லை. மாதக் கடைசியில்தான் தெரிகிறது.

மழைக்காலம் வருகிறதே, அதையும் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஏடிஎம் இல்லை. கணக்கில் லட்ச ரூபாய் இருந்தவரும் ஒரு பால் பாக்கெட்டுக்கு அக்கம்பக்கத்தில் கைமாற்றுக் கேட்டார். பெருவெள்ளம்தான் வர வேண்டும் என்றில்லை. 2025 மார்ச், ஏப்ரலில் யுபிஐ பல முறை சில மணி நேரம் நின்றுபோனது நினைவிருக்கும். ஹோட்டலில் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தைப் பார்த்தபடி கல்லாவுக்கு முன்னால் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று. இருந்தாலும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இந்த இரண்டை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பணம் நமக்கு வர வேண்டுமென்றால் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போடச் சொன்னால், பணம் நம்மிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டது தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930 எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பணத்தை இன்னும் தூரமாகக் கொண்டுபோய்விடும். ஏமாந்த அப்பாவைத் திட்டாதீர்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் இரண்டு நாள் கழித்துச் சொல்கிறார்கள்.

சரி, நான் என்ன சொல்ல வருகிறேன்? போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு டப்பா வையுங்கள் என்கிறேன். அதில் பத்து, இருபது, ஐம்பதாகக் கொஞ்சம் பணம். ஒரு வாரப் பாலுக்கும் காய்கறிக்கும் ஒரு ஆட்டோவுக்கும் போதுமான அளவு. வீட்டில் எல்லோருக்கும் கை எட்டும் இடத்தில் அந்த டப்பா இருக்கட்டும். யார் எடுத்தார்கள் என்ற விசாரணை வேண்டாம். தீரத் தீர நிரப்புவது போன் வைத்திருப்பவரின் பொறுப்பு. மாத்திரை வாங்க, பேரனுக்கு மிட்டாய் வாங்க, கோயில் தட்டில் போட, வயதான ஒருவர் யார் வரவுக்கும் காத்திருக்கக் கூடாது.

அதோடு, வீட்டில் சம்பாதிக்கிற ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரில் கணக்கும், அந்தக் கணக்கைத் தானே பார்க்கத் தெரிந்த அறிவும் இருக்க வேண்டும். பட்டன் போனிலும் பணம் செலுத்த 123பே என்று ஒரு வசதியை ரிசர்வ் வங்கி 2022-லேயே தொடங்கிவைத்தது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு ரூபாயக் கண்ணால பாக்கணும்ப்பா" என்றார். அவர் விருப்பம் அது. அதற்கும் இடம் இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் வங்கிக்குப் போனேன். ஐயாயிரத்துக்குப் பத்தும் இருபதுமாகக் கேட்டேன். இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். விடாமல் நின்றதில் கொஞ்சம் நோட்டும், மீதிக்குப் பத்து ரூபாய் நாணயங்களும் கிடைத்தன. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் ஊரில் இன்னும் பலர் வாங்குவதில்லை. அது தவறு. 14 வகை வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. தயவுசெய்து வாங்குங்கள், கொடுங்கள். சில்லறைத் தட்டுப்பாடு அதிலேயே பாதி தீரும்.

வங்கியில் வாங்கியதைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். தரையில் கொட்டி, பத்து தனி, இருபது தனி என்று பிரித்து, ரப்பர் பேண்டு போட்டு, சமையலறை அலமாரியில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். தம்பியிடம் மாதம் ஒருமுறை நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் எப்படி? பெரியவர்கள் செலவுக்கு என்ன செய்கிறார்கள்? சிறுவாட்டுக்கு இந்தக் காலத்தில் புது வழி கண்டுபிடித்திருக்கிறீர்களா? எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களோடு இந்தப் பேச்சைத் தொடரலாம்.

நேற்றுக் காலை அம்மா போன் செய்தார். "இன்னைக்குத் தண்டங்கீரை. கட்டு பதினஞ்சு ரூபா. இருபதக் குடுத்தேன், மீதி அஞ்சு அவகிட்ட இல்ல. நாளைக்குக் கழிச்சுக்கிடுன்னு சொல்லிட்டேன்."

அன்புடன்,
ஆசிரியர்